மூன்றாவது குழாய்

ஏகாம்பரகுப்பத்தில் பகலில்
யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.
பேசினாலும் தறி விடாது.
இரவு பத்துக்கு அது ஓய்ந்தபின்
எங்கள் மீன்தொட்டி வாய் திறக்கும்:
களக், களக்,
பிறகு யாரோ டம்ளரின் அடிப்பாயசத்தை
உறிஞ்சுவதுபோல் ஒரு நீள இழுப்பு.

தணிகைவேலுவுக்கு அது கேட்காது.
இருபத்திரண்டு வருஷத் தறி
அவன் காதின் மெல்லிய இழைகளை அறுத்துப்போட்டது.
"என்ன சத்தம்?" என்பான்,
ஏஞ்சல் மீன்களைப் பார்த்தபடியே.
எனக்குத் தூக்கம் போய் மூன்று மாதம்.

நாங்கள் மாடி. கீழே
ஸ்வராஜ்யம்மாவின் நான்கு தறி, வெள்ளைப் பாவு.
"ஒக்க சுக்க படிதே" என்று தெலுங்கில் ஆரம்பித்து
"அன்னிக்கே காலி பண்ணிடு" என்று
எனக்குப் புரியும் பாஷையில் முடித்தாள்.
அவள் பாவுக்கு நேர் மேலே
எங்கள் முந்நூறு லிட்டர்.

ஞாயிறு புத்தூர் போனோம்.
ஒன்றேகால் இஞ்சுக் குழாய், எல்போ, ரப்பர் வாஷர்.
பால் வால்வு மலிவு என்றார் கடைக்காரர்.
வேண்டாம், அது டக்கென்று சாத்தும் கதவு,
எனக்கு மயிரிழை மயிரிழையாகத் திருக வேண்டும்
என்று கேட் வால்வு வாங்கினான்.
நூற்றுப் பத்து ரூபாய் அதிகம்.

பழையது ஒரே குழாய்.
ஒரே வாசலில் காற்றும் தண்ணீரும்
நீ முந்தி நான் முந்தி.
இப்போது மூன்று.
முதல் குழாயின் வாய் நீருக்குள்,
காற்றுக்கு அங்கே இடமில்லை.
இரண்டாவது சற்று மேலே,
மிச்சத்தை மட்டும்
உட்சுவரோடு வழியவிடும், ஒரு நூல் கனத்தில்.
மூன்றாவது எல்லாவற்றுக்கும் மேலே
காய்ந்த வாயோடு நிற்கிறது.
"இது எதுக்கு?"
"எதுக்கும் இல்லாம இருந்தா நல்லது."

அன்று பத்தரைக்கு விளக்கை அணைத்தோம்.
நீ கேளு, நான் திருகறேன் என்றான்.
வலது கை வால்வில்.
இடது உள்ளங்கை குழாயின் மேல்,
ஓடும் தறியில் கை வைத்துப்
பழுது பார்ப்பானே, அப்படி.
இப்ப?
இருக்கு.
இப்ப?
கரகரன்னு இருக்கு. கொஞ்சம் பின்னாடி வா.
இப்ப?

பல்லி கேட்டது.
ரேணிகுண்டா பக்கம் போகும் ரயில்,
அதன் கடைசிப் பெட்டிவரைக்கும் கேட்டது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் குழாயிலிருந்து கையை எடுத்து
"நின்னுடுச்சு இல்ல?" என்றான்.

அதோடு விடவில்லை. பம்பின் பிளக்கைப் பிடுங்கினான்.
கரண்டு போகாத ஊரா இது?
தொட்டி நீர் சீப்புப் பல்வரை இறங்கி நின்றது.
மேலேற்றும் குழாயில் அவன் போட்ட சின்னத் துளை
உஸ்ஸென்று காற்றைக் குடித்தது.
கீழ்த்தொட்டி ஏறி ஏறி
விளிம்புக்கு நாலு விரல் கீழே,
சாக்பீஸ் கோட்டில் நின்றது.
மூன்று தடவை பிடுங்கிப் பார்த்தான்.
மூன்று தடவையும் நான் துணியோடு உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு நத்தை
முதல் குழாயின் வாயில் போய்க் குடியிருந்தது.
நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.
இரண்டாவது நிரம்பித் திணற,
மூன்றாவது அன்றுதான் முதல்முறையாகத்
தண்ணீர் கண்டது.
அதற்கு வால்வு இல்லை, அடக்கம் இல்லை,
வேண்டுமென்றே அப்படி விட்டிருந்தான்.
சுவரைத் தட்டி எழுப்புவதுபோல் கத்தியது.
நான் அவனை உலுக்கினேன்.

விரலை விட்டு நத்தையை எடுத்தான்,
பட்டாணி அளவுதான்.
முதல் குழாய் ஒரு மிடறு காற்றை விழுங்கி
மறுபடி மௌனமானது.
டார்ச் அடித்துத் தரை முழுக்கத் தடவினோம்.
புழுதிதான் ஒட்டியது.

"எப்படி இருந்துச்சு சத்தம்?" என்று கேட்டான்.
ஆசையாகத்தான் கேட்டான்.
அவன் உள்ளங்கையை இழுத்து, வாயைப் பொத்தி,
என்னால் முடிந்தமட்டும்
அந்தக் குழாயைப் போலவே உறுமிக் காட்டினேன்.
அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

கீழே ஸ்வராஜ்யம்மா
ஒரு தரம் இருமினாள்.